நாற்பத்தெட்டுக்கு மேல்

வாய் நன்றாக வறண்டிருந்தது. நல்லது என்று நினைத்தேன். நாக்கை மேலண்ணத்தில் வைத்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு, பிறகு விருப்பமில்லாமல் பிரிந்து வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்களின் உதடுகளும் அப்படித்தான், வெளுத்து, ஓரங்களில் வெடித்து. எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரோடு சுவராக நின்றிருந்தோம். மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியை இந்த வருஷம் ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். கீழே மணமேடைக்கு எதிரில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ரிங் கட்டியாகிவிட்டது. பெண்களுக்கு எடை போடுவது மாடியில், மணமகள் அறையில். கதவுக்கு மேலே அந்தப் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது, பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் ஒன்று அதன் மேல் தொங்குகிறது. எனக்குப் பின்னால் மதுரைக்காரப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள், "ஏக்கா, மூக்குத்தி எத்தனை கிராமுக்கா இருக்கும்?" "உன் வாயைக் கழட்டி வச்சிட்டு ஏறு. ஒரு கிலோ குறையும்." யாரோ சிரித்தார்கள், சத்தமில்லாமல், மூச்சை மட்டும் விட்டு. சிரிப்பதும் ஒரு செலவு. கீழே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஸ்கிப்பிங் கயிறு தரையில் படுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. தட், தட், தட், பிறகு ஒரு சின்ன இடைவெளி, மறுபடி தட். அந்த இடைவெளியில் கால் மாற்றுகிறாள். ஃபிலோதான். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று கயிறு ஆடியவளின் காலை எனக்குத் தெரியாதா. இந்நேரத்துக்கு ஆடுகிறாள் என்றால் எடை இன்னும் இறங்கவில்லை. பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டிருப்பாள். கழுத்தில் துண்டைச் சுற்றி, அதன் இரண்டு முனையையும் பல்லால் கடித்துக்கொண்டு ஆடுவாள். கடித்தால் மூச்சு வாயில் போகாது என்பாள், ஏன் போகக் கூடாது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அவளிடம் பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேற்று மாலை பெயர் பதியும்போது மூன்று ஆள் தள்ளி நின்றாள். ஐம்பத்தொரு கிலோப் பிரிவு என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலைமுடியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவ்வளவுதான்.

ஐம்பத்தொன்று அவளுடைய எடை. என்னுடையது நாற்பத்தெட்டு. இதை யார் முடிவு செய்தது என்றால், ராயபுரத்தில் எங்கள் பயிற்சிக் கொட்டகைக்கு எதிரிலிருந்த அரிசிக் கடைத் தராசு. பதினைந்து வயது, நானும் அவளும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம், எத்திராஜ் மாஸ்டர் எங்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒருத்தி இறங்க ஒருத்தியாக ஏற்றினார். இரண்டு பேரும் ஐம்பது. கடைக்காரர், "இன்னா மாஸ்டர், ரெண்டும் ஒரே மூட்டையா" என்றார். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு கொட்டகையிலிருந்து இரண்டு பேர் ஒரே எடையில் போகக் கூடாது, அது அங்கே சட்டம். அவருடைய மாஸ்டர் காலத்திலிருந்து அப்படித்தான். ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் ஊர் பார்க்க ஒருத்தரை ஒருத்தர் அடிக்கக் கூடாது, மெடலும் ஒன்றுக்கு இரண்டாக வரும். என்னை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். என் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தார். "உனக்கு எலும்பு சின்னது. நீ கீழ போ. அவ மேல போகட்டும்." அவ்வளவுதான். ஒரு சாயங்காலம், அரிசித் தூசி, விரல் இரண்டு. அதற்குப் பிறகு நான் சாப்பிட்ட ஒவ்வொரு இட்லியும் அந்த விரல்களுக்குள் அடங்கியாக வேண்டும். போட்டி வருகிற மாதமெல்லாம் ராத்திரிச் சோறு கிடையாது, கடைசி நாள் தண்ணீர் கிடையாது. அண்ணன் கல்யாணத்துக்கு அடுத்த நாள் எடை. பந்தியில் உட்கார்ந்து பிரியாணியை மென்று மென்று கைக்குட்டையில் துப்பினேன், அண்ணி வீட்டார் பார்த்துவிட்டு நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவை ஐம்பது கிராம் இறங்கவே இல்லை. ஃபிலோ பேண்டேஜ் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து என் பின்னலைக் கழுத்தோடு வெட்டினாள், வெட்டும்போது அவள்தான் அழுதாள், நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பட்டினி கிடக்க வேண்டிய அவசியமே அப்போது இல்லை. ஆனாலும் நான் குடிக்காத நாளில் அவளும் குடிக்கமாட்டாள். "எனக்கு மட்டும் இறங்குதா பாரு" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பட்டினிக்கு ஒரு துணை இருந்தது, அதனால் அது பட்டினி மாதிரியே தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றி என்ன. தட், தட், தட். கயிறு நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தது. வரிசை இரண்டடி நகர்ந்தது. வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷ இறுதிப்போட்டியில் எனக்கு எதிரில் யாரும் வரவில்லை. நாமக்கல் பெண், முதல் நாள் இரவு காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் இல்லை என்றும் சொன்னார்கள், என்னோடு ஆடி மூக்கை உடைத்துக்கொள்வதைவிட வெள்ளி போதும் என்று அவளுடைய மாஸ்டர் சொல்லிவிட்டாராம். இருந்தாலும் கிளவுஸ் போட்டு, ஹெட்கார்டு மாட்டி, ரிங்கில் ஏறி நிற்க வேண்டும். அது விதி. நின்றேன். மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். எதிர் மூலையில் ஸ்டூல், ஒரு வாளி, வாளிக்குள் பஞ்சு. ரெஃப்ரீ என் கையைத் தூக்கினார். மேலே தூக்கின கையை எங்கே பார்த்து வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான்கைந்து பேர் கைதட்டினார்கள், மழை விட்ட பிறகு தகரத்திலிருந்து சொட்டுகிற மாதிரி. அன்றைக்கு எடைக்காக மூன்று நாள் சாப்பிடாமல் இருந்திருந்தேன். யாருக்காக இருந்தேன். அந்த ஸ்டூலுக்காகவா. கீழே இறங்கியதும் அடுத்த ஆட்டம் ஃபிலோவுடையது, அவளும் அன்றைக்குச் சாம்பியன் ஆனாள், கண்ணுக்குக் கீழே வீங்கி, உதடு கிழிந்து, சிரித்துக்கொண்டு இறங்கி வந்தாள். எனக்கு அந்த உதட்டின் மேல் ஒரு பொறாமை வந்தது. மெடல் மேல் இல்லை. ஃபிலோவோடு நான் ஆடியிருக்கிறேன், தினமும் காலையில், ஆனால் பாதிக் கையில். "பாதிக் கை, பாதிக் கை" என்று மாஸ்டர் கயிற்றுக்கு வெளியே கத்திக்கொண்டே இருப்பார். என் ஜாப் குத்து அவள் நெற்றிக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிடும். அவளுடைய ரைட் குத்து என் காதைத் தாண்டிப் போகும். எங்கள் இரண்டு பேரில் யார் பெரியவள் என்று மாஸ்டருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால் மாஸ்டர் இரண்டும் ஒன்றுதான் என்பார். ஒன்றுதான் என்றால் ஒருத்தி ஏன் பட்டினி. மழைக்காலம் முடிந்து, ஒரு திங்கட்கிழமை, மாஸ்டர் பேண்டேஜைத் தொடையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன், "மாஸ்டர், நான் ஐம்பத்தொன்னுல ஆடப்போறேன்." அவர் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "ஃபிலோ?" என்றார். "அவளும் ஆடட்டும்." "அப்ப வேற கொட்டாய் பாத்துக்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. ஃபிலோ ரிங் மூலையில் உட்கார்ந்து கிளவுஸ் கயிற்றைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்து முடித்தாள். மறுபடி கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன். கொஞ்ச நேரம் தேடினேன், செருப்பு காலடியிலேயே இருந்தது. யாரும் பின்னால் வரவில்லை.

அதற்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தில் பெயர் கொடுத்தேன். அங்கே ஒரு மேனேஜர் இருக்கிறார், என் பெயர் ஹேமாவதியா ஹேமலதாவா என்று இன்னும் அவருக்குக் குழப்பம். அண்ணா நகரில் நான் வேலை பார்க்கிற உடற்பயிற்சிக் கூடத்தின் மொட்டை மாடியில் ஒரு பேக் தொங்கவிட்டுக் குத்தினேன். பேக் நல்ல பிள்ளை, எதிர்த்து எதுவும் செய்யாது, குத்தினால் போய்விட்டுத் திரும்பி வரும். கீழே வருகிற பெண்களெல்லாம் உடம்பு இளைக்க என்ன சாப்பிடலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள். நானோ எடை ஏறச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலையில் முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், மறுபடி சோறு. தனியாக உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. பாதித் தட்டுக்கு மேல் கை நின்றுவிடும். யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றும். சாப்பிடுவதற்கும் துணை வேண்டும்போலிருக்கிறது. நாற்பத்தொன்பது வரை வந்தேன். நாற்பத்தொன்பதைக் கொஞ்சம் தாண்டினேன். அதற்கு மேல் உடம்பு ஏற மறுத்தது. பரவாயில்லை, நாற்பத்தெட்டுக்கு மேல் இருந்தால் போதும், ஐம்பத்தொன்றில் ஆடலாம், அதுதான் விதி. நாற்பத்தெட்டுக்கு மேல், ஐம்பத்தொன்றுக்குள். இதை நினைத்துக்கொண்டே கதவுக்கு உள்ளே வந்துவிட்டிருந்தேன். மணமகள் அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடியின் ஓரத்தில் பழைய ஸ்டிக்கர் பொட்டுகள், சிவப்பு, மெரூன், ஒன்றிரண்டு கறுப்பு. எத்தனையோ கல்யாணப் பெண்கள் இங்கே உட்கார்ந்து நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியவை. அதற்குக் கீழே, பூக்கூடை வைக்கிற மேஜை மேல், எடை குறிக்கிற பூங்கோதை மேடத்தின் பேப்பர்கள். அறைக்குள் நுழைந்ததும் ஒரு சோதனை மெஷின், அதில் நாமே ஏறிப் பார்த்துக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். மேடத்தின் பக்கத்தில் இருப்பது அசல் மெஷின். அதில் ஒரு தடவைதான். துண்டை மடித்து வைத்துவிட்டுச் சோதனை மெஷினில் ஏறினேன். பழக்கத்தில் மூச்சை வெளியே விட்டேன், முழுக்க விட்டு நிறுத்தினேன், மூச்சில் எடை இருக்கிற மாதிரி. எண்கள் ஓடின, தடுமாறின, நின்றன. நாற்பத்தேழு தொள்ளாயிரம். ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நெஞ்சுக்குள் அந்தப் பழைய நிம்மதி, அப்பாடா, இறங்கிவிட்டது, நூறு கிராம் கையில் மிச்சம். அப்புறம்தான் உறைத்தது, நான் பெயர் கொடுத்திருப்பது ஐம்பத்தொன்றுக்கு.

இறங்கி மறுபடி ஏறினேன். நாற்பத்தேழு தொள்ளாயிரம். நேற்று சாயங்காலம் இங்கேயே பார்த்தபோது நாற்பத்தெட்டு தொள்ளாயிரம் இருந்ததே. ஒரு கிலோ எங்கே போயிற்று. யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நேற்று இரவு சாப்பாட்டுக் கூடத்தில் தயிர்சாதம் போட்டார்கள், யாரும் இறங்கிப் போகவில்லை, நானும் போகவில்லை. போகலாம் என்று தோன்றவே இல்லை. எல்லோரும் ஹாலில் பாயை விரித்து உலர்ந்த வாயோடு மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். நானும் அவர்களுக்கு நடுவில் படுத்து மேலே பார்த்தேன், தாகம் வந்தபோது வழக்கம்போல் வேறு பக்கம் புரண்டேன். அந்தத் தாகம் எவ்வளவு பழகினதாக இருந்தது. ஹால் முழுக்க இருந்த தாகத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது, ஒரு வருஷத்துக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து மாடிப்படியில் ஏறி இறங்கினேன், ஜாக்கெட் போட்டு, வியர்க்கிற வரைக்கும். வாயில் ஊறினதைத் துப்பினேன். யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாகவே செய்தது. வீடு மாறின பிறகும் கால் பழைய தெருவுக்குத் திரும்புகிற மாதிரி. இல்லை, அப்படியா? ஒருவேளை கால் பயந்து திரும்பியிருக்கலாம். ஃபிலோவின் ரைட் முழுக் கையாக வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரிந்திருக்கலாம். மூன்று கிலோ அதிகம் அவள். ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் மூன்று கிலோ. உடம்பு கணக்குப் போட்டு, நான் தூங்கும்போது, என்னைக் கேட்காமல், கதவைத் திறந்து, கீழே இறங்கிப் போய்விட்டது. "என்னம்மா, அந்த மெஷின்லயே குடியிருக்கறயா?" என்றார் பூங்கோதை மேடம். வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஐம்பத்தொன்னுக்குப் பேர் குடுத்திருக்கற. இதென்ன இப்படி வந்து நிக்கற? எல்லாரும் எறங்கலீன்னு அழுவாங்க, நீ ஏறலீன்னு நிக்கற." மதுரைக்காரி இப்போது வெளிப்படையாகவே சிரித்தாள். மேடம் குரலைத் தாழ்த்தினார். நல்ல பெண்மணி. "ஒண்ணும் பதறாத. லிஸ்ட் இன்னும் அனுப்புல. நாப்பத்தெட்டுலயே எழுதிப்போடறேன், சரியா? உன்ற எடைதானே அது. இந்த வருசமும் நீதான் வாங்கப்போற." பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். சுவர் ஓரத்தில் ஒல்லியாக ஒரு பெண், நாற்பத்தெட்டு வரிசையில் நின்றிருந்தவள், கூந்தலை இறுக்கி முடிந்திருந்தவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இருந்தது எனக்குப் புரிந்தது. காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாள்.

அப்போதுதான் ஃபிலோ உள்ளே வந்தாள். ஜாக்கெட்டின் கைகளிலிருந்து வியர்வை சொட்டியது. என்னைப் பார்க்காமல் ஜாக்கெட்டை உரித்து, துண்டால் துடைத்துக்கொண்டு, நான் இறங்கின மெஷினில் ஏறினாள். நான் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஐம்பத்தொன்று நூறு. அவள் முகத்தில் எலும்பெல்லாம் வெளியே வந்திருந்தது, இந்த ஒரு வருஷத்தில் அவளுக்குப் பத்து வயது ஏறியிருந்தது. ஐம்பத்தொன்றுக்குள் நிற்க இப்போது அவளும் பட்டினி கிடக்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேடம் சொன்னார், "பாருங்க கூத்தை. ஒருத்திக்கு நூறு கம்மி, ஒருத்திக்கு நூறு சாஸ்தி. ரெண்டு பேரும் மாத்திக்க முடிஞ்சா நல்லாருக்கும்." அப்புறம் என்னிடம், "எழுதட்டுமாம்மா நாப்பத்தெட்டுன்னு?" ஃபிலோ கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள், என்னிடம் இல்லை, கண்ணாடியிலிருந்த யாரிடமோ, "எழுதிடுங்க மேடம். அவளுக்கு அதான் கரெக்டு. எலும்பு சின்னது." குரல் கரகரவென்று வந்தது, தொண்டையில் ஈரமே இல்லை. அதை அவள் குத்தலாகச் சொன்னாளா, கெஞ்சலாகச் சொன்னாளா. இன்றைக்கு வரை நான் அவள் குரலைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை, ஆனால் இப்போது தெரியவில்லை. எழுதிவிடலாம். பேனா திறந்திருக்கிறது. எழுதினால் சாயங்காலமே ஊருக்குப் போகிற மாதிரி ஒரு நிம்மதி. மாஸ்டர் கீழே நின்றுகொண்டிருப்பார், தெரிந்தால் ஒன்றும் கேட்கமாட்டார், பேண்டேஜை என் கையில் கொடுத்துச் சுருட்டச் சொல்வார். நாளைக்கே பழைய இடம். ஃபிலோ என்னிடம் பேசுவாள். எதிர் மூலையில் ஸ்டூல், வாளி, வாளிக்குள் பஞ்சு. என் கை மேலே. "மேடம், தண்ணி குடிச்சா போதும்ல?" என்றேன். "குடி, யாரு வேண்டாம்னா. ஆனா வெளிய போகாத. எட்டு மணிக்குக் கதவைச் சாத்திருவேன், அப்பறம் உள்ள விடமாட்டேன்." பையில் பாட்டில் இருந்தது, எடை முடிந்ததும் குடிக்க என்று எல்லோரும் நிரப்பி எடுத்து வருகிற பாட்டில். எடுத்துவிட்டேன். மூடியில் கை வைத்த பிறகுதான் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது. எடை போடுகிற இடத்தில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. எழுதிவைத்ததில்லை, ஆனால் குடிப்பதில்லை. எடை முடிந்தவர்கள்கூடப் பாட்டிலை ஒளித்து எடுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்குப் போய்த்தான் குடிப்பார்கள். நேற்றிலிருந்து தொண்டை காய்ந்து நிற்கிற அத்தனை பேர். மூடி திருகுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. "ஏக்கா, எங்க கண்ணு முன்னாடியேவா?" என்றாள் மதுரைக்காரி, இப்போது சிரிக்காமல். நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன், அது கண்ணாடி, எல்லோரும் அதற்குள்ளும் இருந்தார்கள். குடித்தேன். முதல் வாய் உள்ளே போகவில்லை. தொண்டை மூடிக்கொண்டது, எடைக்கு முன்னால் தண்ணீர் என்றால் அதற்கு விஷம் என்றுதானே சொல்லி வளர்த்திருக்கிறேன். கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் வந்தது, அதில் எத்தனை கிராம் போகிறதோ என்று நினைத்தேன். விழுங்கினேன். அடுத்த வாயை வேகமாக ஊற்றிக்கொண்டேன், புரையேறி, இருமி, பாதி முகவாயில் வழிந்தது. "ஒரேயடியா ஊத்திக்காதடி," என்று பின்னாலிருந்து ஃபிலோ சொன்னாள். "வாந்தி எடுப்ப. எடுத்தா திரும்ப நாப்பத்தேழு." கண்ணாடியில் அவளைத் தேடினேன். அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இறங்குகிற இடத்தை, அது எப்படி இறங்குகிறது என்று. மெதுவாகக் குடித்தேன். அவளுக்காக மெதுவாகக் குடித்தேன் என்றும் சொல்லலாம், அல்லது அது அவளை இன்னும் கொன்றிருக்கலாம். பாட்டில் காலியானது.

அசல் மெஷினில் ஏறினேன். நாற்பத்தெட்டு முந்நூறு. மேடம் ஐம்பத்தொன்று என்று எழுதினார், எழுதியதைத் திரும்ப ஒரு தடவை பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். ஒல்லிப் பெண் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். வயிறு கனமாக, அந்நியமாக, தோளில் தூக்க வேண்டியதை வயிற்றில் தூக்குகிற மாதிரி இருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட வேண்டியதுதான். பையின் ஜிப் மாட்டிக்கொண்டது, இழுத்தேன், வரவில்லை. ஃபிலோ தரையில் குந்தி ஒரு காகித டம்ளரில் துப்பிக்கொண்டிருந்தாள். துப்ப முயன்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்து, வாயைத் திறந்து, காத்திருந்தாள். ஒரு நூல் மட்டும் இறங்கி, அறுந்து, டம்ளரின் விளிம்பில் ஒட்டியது. இனி வியர்க்காது, வியர்க்கத் தண்ணீர் வேண்டும். சோதனை மெஷினில் ஏறினாள், ஐம்பத்தொன்றுக்கு மேல் இன்னும் அறுபது கிராம். இறங்கிக் குந்தினாள். "நேரமாச்சுங்கம்மா," என்றார் மேடம். "கீழ ஆள் வந்திருச்சு லிஸ்ட் வாங்க. அஞ்சு நிமிசம், அதுக்கு மேல என்னால ஆகாது." மாஸ்டர் ஆண், இந்த அறைக்குள் வர முடியாது. கொட்டகையிலிருந்து வேறு பெண் இல்லை, இருந்தவள் நான். யாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அவளுடைய எடை ஏறாமல் போனால், இறங்காமல் போனால், எனக்கு இன்றைக்கெல்லாம் எந்த வார்த்தை எந்தப் பக்கம் என்றே குழம்புகிறது, அவள் ஐம்பத்தொன்றுக்குள் வராவிட்டால், பெயரை அடித்துவிடுவார்கள். மற்றவர்கள் எனக்குப் பெரிய விஷயமில்லை. இறுதிப்போட்டியில் நான் ஏறுவேன், ஃபிலோ இருக்கமாட்டாள். ஐம்பத்தொன்றும் என்னுடையது. சாம்பியன். இரண்டு எடையில் சாம்பியன். பயம் அப்போதுதான் வந்தது, அதுவரை வந்ததெல்லாம் பயமில்லை. பையை விட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் குந்தினேன். அவள் நகரவில்லை, திரும்பவுமில்லை. வியர்வையும் காய்ந்த துணியுமாக அந்த வாடை, தைலம் கலந்தது. எச்சில் வற்றிப்போனால் எங்கள் கொட்டகையில் ஒன்று செய்வோம். இன்னொருத்தி காது பக்கத்தில் உட்கார்ந்து புளிப்பைச் சொல்ல வேண்டும். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் ஊறாது, இன்னொரு குரல் சொல்ல வேண்டும். அதுவும் அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, சாப்பிடுகிற மாதிரி. "மாங்கா," என்றேன். எதுவும் நடக்கவில்லை. "கல்மண்டபம் ஸ்கூல் வாசல்ல வண்டியில விப்பான் பாரு. கத்தியால கீறி, பத்தை பிரிச்சு, மொளகாத்தூளும் உப்பும் உள்ள தடவுவான். அவன் வெரலே புளிக்கும்." அவள் தாடை அசைந்தது. "புளியம்பிஞ்சு. உப்பு தொட்டு. பல்லு கூசக் கூசக் கடிக்கற." ஒரு சொட்டு விழுந்தது. "நெல்லிக்கா ஊறப்போட்ட தண்ணி. எலுமிச்சங்கா ஊறுகா, அந்தப் பழைய ஜாடிக்கு அடியில கறுப்பா இருக்குமே, அது." துப்பினாள். இன்னொரு தடவை துப்பினாள். நான் நிறுத்தினேன், மூச்சு வாங்க. டம்ளரைப் பார்த்தபடியே "ம்" என்றாள். கதை கேட்கிற குழந்தை சொல்வது மாதிரி இல்லை. சீக்கிரம் என்கிற மாதிரி, எரிச்சலாக, எனக்குக் கடன்பட்டவளைப்போல் இல்லாமல் நான் கடன்பட்டவள் மாதிரி. "களாக்கா," என்றேன். "அரநெல்லி. பச்சத் தக்காளித் தொக்கு. உங்கம்மா நெத்திலிக்கு ஊத்துற புளி." அவள் தோள் என் முழங்காலில் லேசாகப் பட்டிருந்தது, அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. என் வாயிலும் ஊறிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் டம்ளர் பக்கம் குனிந்தேன். பிறகு விழுங்கினேன்.

மேடம் கூப்பிட்டார். ஃபிலோ என் தோளைப் பிடித்து எழுந்தாள், சுவரைப் பிடிக்கிற மாதிரி, பிடித்த பிறகு யாருடைய தோள் என்று பார்க்காமல். மெஷினில் ஏறி, மூச்சை வெளியே விட்டு, நின்றாள். நான் எண்ணைப் பார்க்கவில்லை. அவள் பாதங்களைப் பார்த்தேன். குதிகால் வெடிப்பு, இடது காலில் நரம்பு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அது எத்தனை நேரம் துடித்தது என்று எனக்குத் தெரியாது. "ஐம்பத்தொன்னு," என்றார் மேடம். "சரியாப் போச்சு. இறங்கு." பேனா கீறுகிற சத்தம் கேட்டது. ஃபிலோ இறங்கினாள். துண்டை எடுத்தாள், சட்டையைப் போட்டுக்கொண்டாள், தன்னுடைய பாட்டிலை எடுத்தாள். வராந்தாவுக்குப் போகவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, அங்கேயே, எல்லோர் முன்னாலும் நின்று குடிக்க ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தவில்லை. தொண்டையிலிருந்து சத்தம் வந்தது, பாட்டில் உள்வாங்கி நெளிந்தது. கீழே ரிங்கில் யாரோ கயிற்றின் இழுவையைச் சரிபார்க்கிறார்கள், இரும்பு கம்பத்தில் இடிக்கிறது. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.